எட்டாவது படித்தவளுக்கு எது தடை?

ஆம்பூர்ப் பக்கம் என்னிடம் எட்டாவது படித்த பெண்கள் பலர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார்கள். விடிந்ததும் கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்துவிடும். கல்வராயன் மலைப்பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியோ, நாலு ஆடு மேய்த்துக்கொண்டே, “வீட்ல சும்மாதான் இருக்கேன் டீச்சர்” என்கிறாள். வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலும் வேலை என்றுதான் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சேர்க்கிறது. ஆனால் கேட்பவர் ஆட்டைப் பற்றித் துருவிக் கேட்க வேண்டுமே!

இமாச்சலில் பெண்கள் பெருமளவு உழைப்புக் கணக்கில் வருகிறார்கள், பீகாரில் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டுக்குப் படிப்பை மட்டும் குறைசொல்வதை நான் ஏற்கமாட்டேன். சொந்த நிலம், பக்கத்தில் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து ஷிப்ட் நேரத்துக்கு வரட்டும். அங்கன்வாடியும் ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்கட்டும்.