மறு அச்சுக்கு ஒரு வக்காலத்து

சென்ற மாதம் விழுப்புரத்தில் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் என் மேசைமேல் இருக்கும் சிறிய கார்களில் வந்து நின்றது. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் நான் செய்துவரும் 'ஹாட் ராட்' மாதிரிகள் அவை. நண்பர் ஒருவர், மிக நல்ல வாசகர், மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். ஒன்று, இது பிள்ளை விளையாட்டு. இரண்டு, யாரோ வார்த்துக் கொடுத்த துண்டுகளை ஒட்டுவதில் படைப்பு என்று ஏதுமில்லை. மூன்று, அதுவும் பழைய அச்சிலிருந்து மீண்டும் வார்த்த மறுவெளியீடு. அசல் பெட்டியாக இருந்தால் அரிய சேகரிப்பு என்றாவது மதிக்கலாம்.

மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. புத்தகங்களைப் பற்றியும் அவர் அப்படியே நினைக்கிறார் என்பதை நான் அறிவேன். அவர் மட்டுமல்ல, நம்மில் பலரும்.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். 1932இல் ஃபோர்டு நிறுவனம் வி-8 எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஒரு காரில் பொருத்தியது. 65 குதிரைத்திறன். சில ஆண்டுகளில் அவை பழைய கார் விலைக்கு இறங்கியதும் தென் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, எஞ்சினை முடுக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. 1950களின் இறுதியில் ஏஎம்டி நிறுவனம் இத்தகைய கார்களைப் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியிலிட்டு விற்றது. ஒரே பெட்டியில் மூன்று வழிகள்: ஆலையிலிருந்து வந்த உருவில் கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம். ஏஎம்டி என்ற பெயர் பல கைகள் மாறி இன்று இண்டியானாவின் ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய எஃகு அச்சுகள் பலவும் மீண்டும் அழுத்தத்துக்கு ஏறுகின்றன.

பிள்ளை விளையாட்டு என்ற குற்றச்சாட்டில் நண்பருக்கு அரசின் துணையும் உண்டு. சுங்க அட்டவணையில் பொம்மைகளும் அளவு மாதிரிகளும் 9503 என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆகவே மறுவெளியீடும் நமக்கு மலிவன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிஜக் காரில் இந்த விளையாட்டை ஆடலாமே என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. சாலைப் பாதுகாப்பு கருதிய சட்டம்; அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உடலையே அறுத்து மாற்றும் ஹாட் ராடுக்கு நம் ஊரில் மேசையை விட்டால் வேறு சாலை அநேகமாக இல்லை.

இரண்டாவது, படைப்பில்லை என்பது. நான் வளர்ந்தது திண்டிவனத்தில். சென்னை, திருச்சி, புதுவை, திருவண்ணாமலைச் சாலைகள் சந்திக்கும் ஊர். அடிபட்ட வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருக்கோடிப் பட்டறையில் ஒரு டிங்கர் அண்ணன் இருந்தார். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். "கண்ணு ஏமாத்தும் தம்பி, கை ஏமாத்தாது" என்பார். இன்று கதவை நிமிர்த்த ஆளில்லை. புதுக் கதவையே மாட்டுகிறார்கள். அந்த வேலையின் மிச்சம் எனக்கு இந்தச் சிறு கார்களில்தான் கிடைக்கிறது. தேய்ந்த அச்சின் இரு பாதிகளுக்கிடையே பிளாஸ்டிக் கசிந்து பிசிறாக உறைந்திருக்கும். தடித்த இடங்கள் குளிரும்போது சுருங்கிக் குழி விழுந்திருக்கும். பிசிறைச் சீவி, குழிக்குப் பட்டி பார்த்து, தேய்க்க வேண்டும். கூரையை மூன்று அங்குலம் தாழ்த்த நினைத்தால் என் அளவில் அது மூன்று மில்லிமீட்டர். தூண்கள் சாய்வானவை என்பதால், அறுத்த கூரையைக் கீழே இறக்கினால் பொருந்தாது. அதைக் குறுக்காகவும் வெட்டி நீட்ட வேண்டும். எந்தப் பெட்டியின் குறிப்புத் தாளும் இதைச் சொல்லித் தருவதில்லை.

அச்சில் வார்த்தது படைப்பாகாது என்பவர்கள் விழுப்புரம் வட்டாரத்தில் காகிதக்கூழ்ப் பொம்மை செய்கிறவர்களிடம் போய் அதைச் சொல்லட்டும். ஒரே அச்சில் நூறு பிள்ளையார் பிறக்கலாம். இரு பாதிகளை ஒட்டி, காயவைத்து, வெள்ளை பூசி, நிறமேற்றிக் கடைசியில் கண் எழுதும்போது ஒன்று மற்றொன்றாக இருப்பதில்லை. கொலுவுக்கு நாம் பொம்மையைப் பொறுக்கி எடுப்பதும் அந்தக் கண்ணைப் பார்த்துத்தானே.

இனி மூன்றாவது. அறுபது ஆண்டுக்கு முந்தைய அசல் பெட்டிக்கு மதிப்பு அது திறக்கப்படாமல் இருப்பதனால். திறந்து, வெட்டி, ஒட்டிய மறுகணம் அந்த மதிப்பு போய்விடும். கட்டுவதற்காகச் செய்த ஒரு பொருள் கட்டப்படாமல் இருப்பதற்காகவே விலை பெறுகிறது. மறுவெளியீடு இந்த அச்சத்தைப் போக்குகிறது. தவறாக அறுத்துவிட்டால் இன்னொன்று வாங்கலாம். தவறு செய்யத் துணிகிறவன்தானே கற்கிறான்?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். சென்னை மாகாணத்தின் முதல்வராக அவர் இருந்தபோதுதான், 1949இல், பாரதியின் எழுத்துகள் அரசுடைமையாகும் முடிவு எடுக்கப்பட்டது. பின்னர் அவை நாட்டின் பொதுச் சொத்தாயின. எவரும் அச்சிடலாம் என்றானது. நம்மில் எத்தனை பேர் பாரதியை முதற்பதிப்பில் படித்தோம்? பேருந்து நிலையக் கடையில் வாங்கிய மலிவுப் பதிப்பில், ஓரம் மடித்து, பென்சிலால் கோடிட்டுப் படித்தவர்கள்தானே நாம்? மறு அச்சு இழிவென்றால் நம் வாசிப்பே இழிவு.

வணிகர்களை நான் புனிதராக்கவில்லை. பழைய பெட்டிப் படத்தை ஒட்டி ஏக்கத்தை விற்பது அங்கே உண்டு. சில அச்சுகளைப் பிற்காலத்தில் வேறு வடிவத்துக்காக வெட்டிவிட்டார்கள். மேலட்டை காட்டும் கார் உள்ளே இருக்காது. மெய்ப்புப் பார்க்காமல் பழைய நாவலை மறுபதிப்பிடும் நம் பதிப்பாளர்களும் செய்வது இதைத்தான். இருவரையும் கண்டிப்போம். ஆனால் கண்டிக்க வேண்டியது அசிரத்தையை. மறுபடியும் அச்சிட்டதை அல்ல.

நண்பரின் அலமாரியில் கண்ணாடித் தாள் சுற்றிய முதற்பதிப்புகள் பல உண்டு. நான் ஒருமுறை கேட்டபோது இரவல் தர மறுத்தார், தாள் ஒடிந்துவிடுமாம். அவற்றைத் தாமும் பிரிப்பதில்லை என்று அன்று சொன்னார். என் மேசையில் ஒரு 1932 ஃபோர்டு கூரையில்லாமல் கிடக்கிறது. அறுவை கோணலாகிவிட்டது, இந்த ஞாயிறு மீண்டும் முயல வேண்டும். அவர் வந்தால் ஒரு வாட்டர் பேப்பரை அவர் கையிலும் கொடுப்பேன்.