மாடி ஏறிய தீண்டல் பலகை

"வீடு வாடகைக்கு. கட்டில், மெத்தை, அலமாரி, குளிர்பதனப் பெட்டி உண்டு. இரயில் நிலையமும் கடைவீதியும் நடந்து செல்லும் தொலைவில். சைவர்களுக்கு மட்டும்."

சென்னையில் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் வீடு தேடியோர் கண்ட அறிவிப்புதான் தோழர்களே! கட்டிலுக்குச் சாதி இல்லை; குளிர்பதனப் பெட்டிக்குக் குலம் இல்லை. அதனுள் வைக்கப் போகும் மீனுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது!

புதுக்கடையிலிருந்து ஓர் இளைஞன் வேலைக்காகச் சென்னை வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். தேங்காய்ப்பட்டணத்துக் கடலுக்கு அண்மையில் உள்ள ஊர். மீன்குழம்பு மணக்காத வீடு அங்கே அரிது. சாமானிய ஊரா புதுக்கடை? தமிழகத்தோடு இணைவோம் என்று முழங்கியதற்காக, 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டிய ஊர்! மார்த்தாண்டத்திலும் அங்கும் குருதி சிந்திய பிறகே, 1956 நவம்பர் 1 அன்று குமரி தாயகம் சேர்ந்தது. அந்த ஊர்ப் பிள்ளை தாயகத்தின் தலைநகரில் கதவைத் தட்டினால், வணக்கத்துக்கு மறுமொழி வருமுன் வினா வருகிறது: "நீங்க என்ன ஆளுங்க?"

அவன் முன்னோர் வாழ்ந்த திருவிதாங்கூரில், வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் தீண்டல் பலகை நின்றது. 1924 மார்ச் 30 அன்று அதை எதிர்த்துப் போர் தொடங்கிற்று. தலைவர்கள் சிறைப்பட்டதும் பெரியார் சென்றார். இருமுறை சிறை கண்டார். 1925-இல் மூன்று பக்கச் சாலைகள் திறந்தன. கிழக்கே ஒரு பகுதி அப்போதும் மூடியே கிடந்தது. அன்று நடக்காதே என்றனர். இன்றோ, எல்லாம் நடக்கும் தொலைவில் என்று ஆசை காட்டுகின்றனர். நடக்கலாமாம், குடியிருக்கலாகாதாம்! சாலையில் நின்ற பலகை மாடி ஏறிவிட்டது, அவ்வளவே.

"என் வீடு, என் உரிமை, உனக்கென்ன?" என்று சீறுகிறார் உரிமையாளர். நன்று. பேருந்து மட்டும் யாருடையதாக இருந்தது? இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிபோகும் என்று ஆணையிட்டார் ஊ.பு.அ. சௌந்திரபாண்டியனார். தனியார் வண்டிதான், தனியார் பணந்தான். ஆயினும் ஊரார் காசுக்குத் திறந்த கதவு, சிலருக்கு மட்டும் சாத்தலாகாது என்றார். அவர் பெயர் தாங்கிய அங்காடியே பாண்டிபசார். 2019-இல் அங்கே மக்கள் நடப்பதற்கென அகன்ற நடைபாதை அமைத்தோம். அதை ஒட்டிய தெருவில் சாதி கேட்டு வீடு மறுத்தால், அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

சட்டம் இல்லையா? உண்டு. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், எப்பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்கத் தீண்டாமை காட்டித் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் வீட்டுக்காரர் என்ன, எழுதியா கொடுக்கிறார்? "நேற்றே ஆள் வந்துவிட்டது" என்கிறார். சாதி மறைந்துகொள்கிறது, சைவம் முன்னே நிற்கிறது. பெயரைக் கேட்டதும் இசுலாமியருக்கும் இதே விடைதான். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்று கணக்குப் பார்க்கிறது. சாதி கேட்கலாகாது என்று ஒரு வரி கூறவில்லை.

அமெரிக்கா 1968-இல் சட்டம் செய்தது. உரிமையாளர் தாமே குடியிருக்கும் சிறு வீட்டுக்குச் சற்று விலக்கு அளித்தது. அங்கும் நிறமோ மதமோ குறித்து விளம்பரம் செய்ய இடந்தரவில்லை. பலகையின் ஆற்றலை அவர்கள் அறிந்திருந்தனர்!

நம் வாடகைச் சட்டத்திலும் அந்த வரி ஏற வேண்டும். சாதி, மதம், உணவு கேட்டு வீடு மறுப்பவர்மீது வாடகை அதிகாரியிடமே முறையிட வழி வேண்டும். அது வரும்வரை, மேடையில் சமத்துவம் பேசிவிட்டு மாடி வீட்டுக்கு "நம்மவர்களை"த் தேடும் நம் தோழர்கள் சிலர், தத்தம் வாயிற்பலகையைக் கழற்றிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்.