விளையும் பயிர் முளையில் தெரியுமா?

மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டொன்காஸ்டர் மைதானத்தில் புல்தரைப் பந்தயப் பருவம் தொடங்குகிறது. அந்த முதற் கூட்டத்திலேயே இரண்டு வயதுக் குதிரைகளுக்கென்று 'புரொக்கிள்ஸ்பி' என்றோர் ஓட்டம் உண்டு. தூரம் ஐந்து ஃபர்லாங். ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். அதில் ஓடவரும் குட்டிகள் அநேகமாக எல்லாமே முதன்முறையாகப் பந்தயக் களத்தில் கால் வைப்பவை. அங்கே பிற்பகல் ஆகும்போது கொழும்பில் மாலை மங்கிவிடும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் 'புக்கி' என்று நாம் அழைக்கும் பந்தயக் கடைகளில் அந்நேரம் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், முச்சக்கரவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தவர், ஓய்வூதியம் பெறும் எழுதுவினைஞர் எனப் பலரும், தாம் ஒருபோதும் கண்டிராத குட்டியொன்றின் எதிர்காலத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறிக்கொண்டிருப்பார்கள்.

அத்தீர்ப்பு எதன்மேல் கட்டப்படுகிறது? பந்தயத் தாளில் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளின்மேல். தந்தைக் குதிரையின் பெயர், தாயின் பெயர், பயிற்சியாளர் யார், ஜொக்கி யார், குட்டி என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பனவே அவ்வரிகளில் இருக்கும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழியை நாம் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்லிவிடலாம் என்ற துணிவு நமக்குச் சற்று அதிகம். பந்தயக் குதிரைகளின் வரலாறு இப்பழமொழிக்குச் சாதகமாக இல்லை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்லவிரும்புவது.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். வட அரைக்கோளத்தில் பிறக்கும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி முதலாந் திகதியே பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. ஜனவரிக் கடைசியில் பிறந்த குட்டியும் மே மாதக் கடைசியில் பிறந்த குட்டியும் ஏட்டின்படி ஒரே வயதின. ஆனால் மார்ச் மாதத்தில் இரண்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கையில் முன்னதற்கு உண்மையில் இரண்டு வயது கடந்திருக்கும்; பின்னதற்கு இரண்டு வயது நிறைவதற்கே இரண்டு மாதங்கள் இருக்கும். வளரும் உயிருக்கு நான்கு மாதங்கள் என்பது சிறிய வித்தியாசமன்று. குதிரையின் முன்னங்கால் முழங்காலுக்கு மேலேயுள்ள எலும்பின் வளர்ச்சிப் பகுதி முற்றாக இறுகுவதற்கே இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் வரை செல்கின்றன. ஆகவே பருவத்தின் தொடக்கத்தில் வெல்லும் குட்டி பெரும்பாலும் முதலில் முதிர்ந்த குட்டி. அதுவே சிறந்த குட்டியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஓர் ஓட்டத்தைக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

தூரமும் அவ்வாறே. ஆயிரம் மீற்றர் ஓட்டத்துக்கு வேண்டியது வாயில் திறந்தவுடன் பாயும் வேகமும் கட்டுடலும். மறு ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எப்சத்தில் நடைபெறும் டேர்பி ஓட்டத்தின் தூரமோ இரண்டாயிரத்து நானூறு மீற்றருக்குச் சற்று அதிகம். அதற்கு வேண்டிய மூச்சும் நிதானமும் நீண்ட கால்களும் உள்ள குட்டி, இரண்டு வயதின் வசந்தத்தில் கொக்குப்போல நெடுத்து, எந்தக் காலை எங்கே வைப்பதென்று அறியாமல் தடுமாறிக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பவர் 'இது தேறாது' என்பார்.

அப்படித் தேறாதென்று ஒதுக்கப்பட்டவற்றுள் மிகப் புகழ்பெற்றது 'நொர்தர்ன் டான்சர்'. 1961ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி கனடாவில் பிறந்தது. ஒரு வயதில் 25 ஆயிரம் டொலர் விலைக்கு விற்பனைக்கு வைக்கப்பட்டபோது, உருவம் சிறிதென்று வாங்குவாரில்லாமல் உரிமையாளரிடமே தங்கிவிட்டது. 1964இல் அதே குதிரை அமெரிக்காவின் கென்ரக்கி டேர்பியை அதுவரை இருந்த சாதனை நேரத்தை முறியடித்து வென்றது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த தந்தைக் குதிரைகளுள் ஒன்றாயிற்று. அதன் மகன்களுள் ஒன்றான 'ஸ்னாஃபி டான்சர்' 1983ஆம் ஆண்டு ஏலத்துக்கு வந்தபோது 10.2 மில்லியன் டொலருக்குப் போயிற்று. அதுவரை எந்த ஒரு வயதுக் குட்டிக்கும் அப்படியொரு விலை கிடைத்ததில்லை. அந்தக் குட்டி ஒரு பந்தயத்திலேனும் ஓடவில்லை. யாரும் வேண்டாமென்ற தந்தை உலகை வென்றது. எல்லோரும் போட்டியிட்டு வாங்கிய மகன் களத்துக்கே வரவில்லை. இரு தடவையும் மதிப்பிட்டவர்கள் அத்தொழிலிலேயே ஊறியவர்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

வம்சத்தை மட்டுமன்றி ஓட்டத்தையும் கண்ணால் பார்த்து வாங்கினால் பிழை வராது என்று கூறுவோருக்கு 2006ஆம் ஆண்டின் 'கிரீன் மங்கி' விடையாகும். விற்பனைக்கு முந்திய ஒத்திகையில் ஒரு ஃபர்லாங் தூரத்தை 9.8 செக்கனில் ஓடிக்காட்டிய குட்டி அது. பார்த்தவர்கள் மலைத்தார்கள். 16 மில்லியன் டொலருக்கு ஏலம் போயிற்று. பின்னர் மூன்றே மூன்று பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1972 ஜூலையில் முதல் ஓட்டத்தில் நான்காவதாக வந்த 'செக்ரட்டேரியட்', மறு ஆண்டு அமெரிக்காவின் மூன்று முடிப் பந்தயங்களையும் வென்றது. கடைசிப் பந்தயத்தில் அடுத்த குதிரையை 31 குதிரை நீளங்களால் பின்தள்ளியது. 2008 ஜூலையில் அயர்லாந்தின் கரா மைதானத்தில் 'சீ த ஸ்டார்ஸ்' தன் முதல் ஓட்டத்தில் நான்காவதாகத்தான் வந்தது. 2009இல் மே முதல் ஒக்டோபர் வரை மாதத்துக்கு ஒன்றாக ஆறு முதற்தரப் பந்தயங்களை வென்று ஓய்வுபெற்றது. முதல் ஓட்டத்தோடு ஒதுக்கித்தள்ளியவர்கள் எதை ஒதுக்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய ஓராண்டு சென்றது.

இதற்கு மாறான சான்றுகளே இல்லையென்று நான் கூறவரவில்லை. 2010 ஓகஸ்டில் நியூமார்க்கெட்டில் முதல் ஓட்டத்தை வென்ற 'ஃபிராங்கல்', பதினான்கு ஓட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் 2012இல் விடைபெற்றது. அதன் பயிற்சியாளர் தொடக்கத்திலேயே அதன் திறமையை அறிந்திருந்தார். ஆனால் அந்த முதல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த குதிரையையும் நோக்க வேண்டும். அரைக் குதிரை நீளத்தில் தோற்ற அந்த 'நதானியல்', மறு ஆண்டு அஸ்கொட்டில் நடைபெற்ற கிங் ஜோர்ஜ் பந்தயத்தை வென்றது. தோற்றது என்ற ஒரு சொல்லை மட்டும் வாசித்தவர் அதையும் தவறவிட்டிருப்பார். 2016ஆம் ஆண்டு புரொக்கிள்ஸ்பி ஓட்டத்தை வென்ற 'த லாஸ்ட் லயன்', அதே ஆண்டு செப்டெம்பரில் மிடில் பார்க் என்னும் முதற்தர ஓட்டத்தையும் வென்றது உண்மை. அப்படி நடப்பது அபூர்வம் என்பதனாலேயே அது பேசப்படுகிறது.

இளம் வயதில் ஓடவிடுவதே தவறு என்பதும் என் வாதமன்று. அளவான பயிற்சி இளம் எலும்பை உறுதிப்படுத்துகிறது என்று விலங்கு மருத்துவர்கள் கூறுகிறார்கள். 1882இல் வென்ற 'அப்பலோ' என்ற குதிரைக்குப்பின், இரண்டு வயதில் ஒருமுறையேனும் ஓடாத எந்தக் குதிரையும் கென்ரக்கி டேர்பியை வென்றதில்லை என்ற நிலை 2018 வரை இருந்தது. அந்த ஆண்டில் 'ஜஸ்டிஃபை' அதை முறித்தது. பெப்ரவரியில் முதல் ஓட்டம். ஜூனுக்குள் மூன்று முடிகளும் அதன் வசமாயின. 136 ஆண்டுகள் நின்ற விதியும் ஒரு வசந்தத்தில் வீழ்ந்துவிட்டது. விதிகளை நம்பிப் பணம் கட்டுவோர் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

குதிரையை நேரிற் கண்டு மதிப்பிடுபவனே ஏமாறுவதைத் தமிழர்க்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலில் பாண்டியன் அத்தனை குதிரைகளையும் தன் முன்னிலையில் நடத்திப் பார்த்து, மகிழ்ந்து, லாயத்தில் கட்டச் செய்தான். இரவில் அவை ஊளையிட்டன. அங்கே விற்றவர் இறைவன். ஆகவே பாண்டியனைக் குறைசொல்ல முடியாது. இங்கே விற்பவர் அப்படிப்பட்டவர் அல்லர்.

கொழும்பின் நிலை பாண்டியனின் நிலையைவிட மோசமானது. ஒரு காலத்தில் இந்நகர மக்கள் குதிரையைப் பார்த்துப் பணம் கட்டினார்கள். றீட் அவெனியூவில் 1893இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் அதற்கு இடமாயிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது விமான ஓடுபாதையாக மாறியதும், 1942 ஏப்ரல் 5ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்து போர் விமானங்கள் எழுந்ததும் பலர் அறிந்த வரலாறு. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கக் காலத்தில் பந்தயம் நிறுத்தப்பட்டது. இன்று அத்திடல் விளையாட்டரங்கு. பார்வையாளர் மண்டபம் இருந்த இடத்தில் கடைத்தொகுதி. நுவரெலியாவில் மாத்திரம் 1981இல் பந்தயம் மீண்டும் உயிர்பெற்றது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மலைக்குச் செல்பவர்கள் அங்கே குதிரையைக் காணலாம்.

ஆனால் கொழும்பில் பந்தயம் நின்றதே தவிரப் பந்தயம் கட்டுவது நிற்கவில்லை. குதிரை போய்விட்டது, காகிதம் தங்கிவிட்டது. இதன் விளைவு என்ன? ஓட்டத்துக்கு முன் வளையத்தில் நடத்திவரும்போது குட்டி வியர்க்கிறதா, காதைப் பின்னால் மடிக்கிறதா, பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, கூட்டத்தைக் கண்டு மிரள்கிறதா என்ற எதையும் நம்மவர் அறியார். நாள்தோறும் அதன் கால்களைத் தடவிப் பார்க்கும் குதிரைக்காரனுக்குத் தெரிந்ததில் நூறில் ஒன்றும் கொட்டாஞ்சேனைக் கடையிலுள்ளவருக்குத் தெரியாது. தந்தையின் பெயரும் வாங்கிய விலையும் அவருக்குத் தெரியும் என்றால், அவை புக்கி முதலாளிக்கும் தெரியும். பந்தய விகிதத்தில் அவை ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. அச்செய்திக்காக அவருக்கு ஒரு சதமும் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயத்துக்குக் கொட்டாஞ்சேனைப் பெரியவர் ஒருவர் பந்தய முடிவுகளைக் கேட்டுக்கொண்டு வருவார். கையில் எப்போதும் ஒரு பாடசாலைக் கொப்பி. இரண்டு வயதுக் குதிரைகள் ஒவ்வொன்றின் முதல் ஓட்டத்தையும் அதில் பதிந்துவைப்பார். என்ன இடம் என்பதோடு எப்படி முடித்தது என்பதற்கும் தனியாக ஒரு நிரல் இருந்தது. பின்தங்கிப் புறப்பட்டுக் கடைசியில் முன்னேறியதா, சவுக்கு விழுந்ததா, வழி மறிக்கப்பட்டதா என்று ஆங்கில ஏடுகளின் குறிப்புகளைத் தேடிச் சேர்த்துவைப்பார். எதன்மேல் கட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "தம்பி, முதல் ஓட்டம் படிக்கிறதுக்கு, காசு கட்டுறதுக்கு இல்லை" என்றார். பருவத் தொடக்கத்தில் இளங்குதிரைகளை மதிப்பிடுவது பற்றி நான் வாசித்த நூல்கள் எவையும் இதைவிட நல்ல புத்தி சொல்லவில்லை.

பந்தயமே கூடாது என்று உபதேசம் செய்ய நான் முனையவில்லை. கேட்பவர்களும் இல்லை. ஆனால் அன்றாடக் கூலியில் ஒரு பங்கை மார்ச்சிலும் ஏப்ரலிலும் முன்பின் ஓடியிராத குட்டியின்மேல் வைப்பவர், தாம் திறமையை மதிப்பிடுவதாக எண்ணி ஏமாறவேண்டாம். அவர் வாங்குவது ஒரு மாலைநேரத்து நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்கு அவர் கொடுக்கும் விலை வீட்டிலுள்ள பிள்ளையின் பால்மா.

பிள்ளை என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. புக்கிப் பக்கமே போகாத வெள்ளவத்தைக் குடும்பங்கள் இதுவரை கூறியதை வாசித்து, இது நமக்குரியதல்ல என்று எண்ணக்கூடும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையிலும் மாலையிலும் தனியார் வகுப்புக்கு இழுத்துச் செல்பவர்கள் யார்? ஒரே வகுப்பில் ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசமுள்ள பிள்ளைகள் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையை அயலவர் முன்னிலையில் 'இது தேறாது' என்று சொல்லும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். நல்ல பயிற்சியாளர் ஒருவர், முழங்கால் இறுகாத குட்டியை வசந்த ஓட்டத்துக்கு அனுப்பாமல் இலையுதிர் காலம் வரை புல்வெளியில் விட்டுவைப்பார். அவருக்கு அதில் பல இலட்சம் முதலீடு உண்டு, ஆனாலும் காத்திருப்பார்.

அப்பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அதை அரசாங்கம் என்று தீர்க்குமோ அறியேன். அதற்கிடையில் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெறுபேறு வரும் நாளில், அந்தக் கொட்டாஞ்சேனைப் பெரியவரைப்போல, பிள்ளை எந்த இடம் என்பதோடு எப்படி ஓடியது என்பதையும் தமது கொப்பியில் எழுதிவைக்கட்டும். தீர்ப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.