நாகேஷின் அம்மா பேர் என்ன?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையில் இறங்கி, திருச்சுழி பஸ் பிடித்துப் போகவேண்டிய கரிசல் ஊர். கொஞ்சம் கம்பு, கொஞ்சம் மல்லி, மிச்சமெல்லாம் சீமைக் கருவேலம்.

மத்தியானம் டி.வி.யில் 'சர்வர் சுந்தரம்'. அம்மா திடீரென்று கேட்டாள்.

"இந்தம்மா யாருடா?"

"நாகேஷோட அம்மா."

"அது கதையில. பேரு?"

திருதிருவென்று முழித்தேன். கதாநாயகிகளின் பிறந்த நாளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற ஆசாமி நான்.

"எஸ்.என்.லட்சுமி. விருதுநகர் பக்கம் செந்நெல்குடி. நம்ம சீமைப் பிள்ளைடா!" என்றாள், ஏதோ சொந்த நாத்தனார் மாதிரி.

பேரில்தான் செந்நெல். வானம் பார்த்த பூமி. அங்கே பிறந்து, சின்ன வயசிலேயே நாடகத்துக்குப் போனவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் குழு, எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் என்று மேடையில் தேறி, சினிமாவிலும் நிலைத்தார்.

2012 பிப்ரவரி 20-ம் தேதி சென்னையில் அவர் காலமானபோது வயது 85 என்று பேப்பரில் போட்டார்கள். ஆபீஸ் புத்தி, கணக்குப் போட்டேன். 'சர்வர் சுந்தரம்' வந்த 1964-ல் அம்மாவுக்கு 37. பிள்ளை நாகேஷ் 1933-ல் பிறந்தவர், 31! ஆபீஸில் ஆறு வருஷ சீனியரை 'அக்கா' என்றாலே முறைக்கிறார்கள். இவரோ அம்மாவாகவே நின்று, நம்மையும் நம்ப வைத்தார். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) திருட்டுப் பாட்டி, 'மகாநதி' (1994) மாமியார், 'விருமாண்டி' (2004) அப்பத்தா... சிரிக்க வைத்தார், அழ வைத்தார். முகம் நமக்கு மனப்பாடம். பேரைத்தான் யாரும் கேட்கவில்லை.

படத்தில் அந்தக் கட்டம் வந்தது. ஷூட்டிங்கில் இருக்கிற மகன் வந்து சேர்வதற்குள் அம்மா போய்விடுவாள். பத்துத் தடவை பார்த்த படம்தான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலை வேலைன்னு கடைசியில வராமப் போயிட்டான் பாரு."

என் சட்டைப் பையில் சாயங்கால பஸ் டிக்கெட் இருந்தது. போன வருஷப் பொங்கலுக்கு 'லீவு கிடைக்கலைம்மா' என்று சொன்னதும் நானேதான்.

வாசலுக்குப் போய் மானேஜருக்கு போன் போட்டேன்.

"இன்னும் ரெண்டு நாள் லீவு வேணும் சார்."

"ஏன்யா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்... நாகேஷ் லேட்டா வந்துட்டார்."