ஏழு டாலர் வேண்டாம்!

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-ல் பாஸ்டன் அருகே திரட்டப்பட்டது 54-வது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படை. அதிகாரிகள் வெள்ளையர்; சிப்பாய்கள் கறுப்பினத்தவர். ஜூலை 18 அன்று, தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் தளபதி ராபர்ட் ஷாவோடு பலர் மடிந்தார்கள். குண்டடிபட்டும் கொடியைக் கீழே விடாத வில்லியம் கார்னிக்குப் பதக்கம் வந்தது 1900-ல்!

சம்பளக் கதை இன்னும் கொடுமை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10; அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம். 'வேண்டாம்' என்று மொத்தப் படையும் மறுத்துவிட்டது. குறையும் தொகையை மாநில அரசே தருவதாகச் சொல்லியும் வாங்கவில்லை. பிச்சையா கேட்டார்கள்? ஊரில் பெண்டு பிள்ளைகள் கஷ்டப்பட, இவர்கள் சம்பளமில்லாமலே போரிட்டார்கள்.

1864 ஜூனில் நாடாளுமன்றம் இறங்கி வந்தது. செப்டம்பர் கடைசியில், பாக்கி முழுவதும் கைக்கு வந்தது.