படுதா பேசும் பொய்

காலைச் செய்தி என்றதும், செய்தி நினைவுக்கு வருகிறது; செய்தி கூறுவோரின் முகம் நினைவுக்கு வருகிறது. அவர் தோளுக்குப் பின்னே தெரிந்தது எது என்று கேட்டுப் பாருங்கள்! 'ஏதோ வானம், ஏதோ மாளிகை, ஏதோ வெளிச்சம்' என்ற விடைதான் கிடைக்கும். அந்த 'ஏதோ'வைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு உரையாட எண்ணுகிறோம்.

'விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தொலைக்காட்சி நிலையத்தின் சுவரைப் பற்றியா ஓர் அரசியல் கட்டுரை!' என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கக் கூடும். அவர்கட்கு ஒன்று கூறுவோம். விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் நாள்தோறும் எந்தச் சுவரின் முன்னே விளக்கப்படுகின்றனவோ, அந்தச் சுவர் வாய் திறவாமலே பேசிக் கொண்டிருக்கிறது. 'இதோ நாடு! இதோ விடியல்! நாங்கள் இருப்பது இந்த இடம், இந்த நேரம்!' என்று அது சாட்சி சொல்கிறது. வாயால் சொன்ன செய்தியிலே பிழை இருப்பின், மறுநாள் மறுப்பு வெளியிடுகிறார்கள். சுவர் சொன்ன பொய்க்கு மறுப்பு வெளியிட்டவர் எத்தனை பேர்?

கம்பெனி நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். காட்டுப் படுதா, தர்பார் படுதா, தெருப் படுதா என்று துணியிலே தீட்டி உருளையிலே சுற்றி வைத்திருப்பார்கள். அரிச்சந்திரன் நாடு துறந்தால் தர்பார் மேலே போகும், காடு கீழே இறங்கும். காற்றடித்தால் மரங்களோடு மலையும் சேர்ந்து ஆடும்! அது துணி என்பது தரை டிக்கெட்டு வாங்கியவருக்கும் தெரியும். காட்டுபவரும் காண்பவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அங்கே வஞ்சகம் இல்லை. நாடகத்திலே படுதா நாணயமானது. ஆனால் செய்திக்குப் பின்னால் படுதா தொங்கினால்? அதனைச் சன்னல் என்று நம்பும்படி தொங்கவிட்டால்? அங்கேதான் வழக்குத் தொடங்குகிறது.

தேசம் முழுவதற்குமான காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி என்ற வகைக்கு வழிகாட்டியது அமெரிக்கா. ஆகவே வழக்கையும் அங்கேயே நடத்துவோம்.

1952 ஜனவரி 14. நியூயார்க் நகரத்து 49ஆவது தெருவில், ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொருட்காட்சிக் கூடத்திலிருந்து, என்.பி.சி. ஒரு புது நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. 'டுடே' என்பது பெயர். திட்டம் தீட்டியவர் பாட் வீவர். முன்னின்று நடத்தியவர் டேவ் காரோவே. கூடத்தின் உள்ளே பல நாட்டு நகரங்களின் மணியைக் காட்டும் கடிகாரங்கள், தொலைபேசிகள், தந்தி அச்சு இயந்திரங்கள்! செய்தி பிறக்கும் பட்டறையையே பின்னணியாக்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய புதுமை, தெருவைப் பார்த்த கண்ணாடிச் சன்னல். வேலைக்குச் செல்லும் மக்கள் அதன் முன்னே நின்றார்கள். கண்ணாடியிலே முகத்தைப் பதித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். ஊரிலே இருக்கும் உறவினர்க்கு அட்டையில் எழுதிக் காட்டினார்கள். தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் நிறுவனத்தின் கடைச் சன்னல்தான் அது. வணிக நோக்கம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அடுத்த ஆண்டே ஒரு சிம்பன்சிக் குரங்கைக் கொண்டுவந்து காரோவேயின் அருகே அமர்த்தினார்கள் என்பதும், அதன்பின் விளம்பரதாரர்கள் விரும்பி வந்தார்கள் என்பதும் இந்த வரலாற்றின் கிளைக்கதை! ஆயினும் அந்தச் சன்னலுக்கு ஒரு பெருமை உண்டு. மழை பெய்தால் மழை தெரிந்தது. கூட்டம் இல்லாவிடில் வெறுந்தெரு தெரிந்தது. அங்கே நிற்பவர் யார், அவர் அட்டையிலே எழுதியிருப்பது என்ன என்பதை நிலையத்தார் முன்கூட்டி எழுதி வைக்க முடியவில்லை. ஆசிரியர் கைபடாத ஒரு பத்தி, நாள்தோறும் அந்தக் கண்ணாடியிலே வெளியாயிற்று.

இடையிலே அந்த நிகழ்ச்சி உட்கூடத்துக்குள் புகுந்ததும், மறுபடி தெருவோரம் வந்ததும், 1965இல் மீண்டும் உள்ளே சென்றதும் நெடுங்கதை. 1994 ஜூன் மாதத்தில்தான் ராக்கஃபெல்லர் மையத்தில் தெருமட்டத்திலே கண்ணாடிக் கூடம் அமைத்து, மக்களை மறுபடி பின்னணிக்கு அழைத்தார்கள்.

மற்றவர்கள் வேறு வழி கண்டார்கள். 1975 நவம்பரில் ஏ.பி.சி. தொடங்கிய 'குட் மார்னிங் அமெரிக்கா', ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டுக் கூடத்தைப் போலவே அமைந்தது. 1983 ஜனவரியில் பி.பி.சி. தொடங்கிய 'பிரேக்ஃபாஸ்ட் டைம்' நிகழ்ச்சியிலே சிவப்புத் தோல் சோபா வந்தது. ஃபிராங்க் பஃப் கோட்டைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் சட்டையோடு அமர்ந்தார். வீடு போன்ற அந்த அரங்கு வீடல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். நாடகப் படுதாவைப் போன்றது அது. பொய் என்று அதன்மேல் வழக்குத் தொடுக்க மாட்டோம். ஆனால் வேறொரு குறை உண்டு. மேசைக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அமைச்சரைக் கேட்கும் கேள்வி ஒருவகை. மெத்தையிலே சாய்ந்து, கையிலே காப்பிக் கோப்பையோடு சிரித்துக் கொண்டிருக்கும் அமைச்சரைக் கேட்கும் கேள்வி வேறுவகை. விருந்தாளியாக வீட்டுக்கு வந்தவரை மடக்கலாமா? அரங்கம் அமைத்த தச்சரே கேள்வியின் கூர்மையைச் சீவிவிடுகிறார்!

இனி, பொய்க்கு வருவோம்.

1994 ஜனவரி. ஏ.பி.சி.யின் மாலைச் செய்தியிலே கோக்கி ராபர்ட்ஸ் என்ற பெயர்பெற்ற செய்தியாளர், வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னின்று பேசுவதாகக் காட்டப்பட்டார். குளிருக்கு அடக்கமாக மேலங்கி. பின்னாலே கம்பீரமான குவிமாடம்! அவர் நின்றதோ நிறுவனத்தின் அலுவலக அறை. குவிமாடமோ வெறும் படம். சொன்ன செய்தியிலே பொய் இல்லை. நின்ற இடத்திலேதான் பொய். வெளியே தெரிந்ததும் நிறுவனம் மக்களிடம் மன்னிப்புக் கோரிற்று. அவரையும் நிகழ்ச்சியின் பொறுப்பாளரையும் கண்டித்தது. அந்நாளில், படுதா பொய் சொன்னாலும் செய்தி பொய் சொன்னதாகவே கருதும் நாணம் இருந்தது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

ஆறே ஆண்டுகள்! 1999 நவம்பர் முதல் நாள், சி.பி.எஸ். நிறுவனம் 'தி எர்லி ஷோ' என்ற காலை நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில், ஜெனரல் மோட்டார்ஸ் மாளிகையின் அடித்தளத்திலே கண்ணாடிக் கூடம். சுற்றிலும் நகரம் தெரிந்தது. கண்டவர்கள், சன்னல் வழியே உண்மை நகரத்தைக் காண்கிறோம் என்றே நம்பினார்கள். அந்த மாளிகைச் சுவரிலே சி.பி.எஸ். சின்னம், குதிரை வண்டியின் முதுகிலே சி.பி.எஸ். சின்னம், பிளாசா ஓட்டலின் முன்னுள்ள நீரூற்றிலே சி.பி.எஸ். சின்னம்! தெருவிலே இறங்கிப் பார்த்தால் சுவரிலும் இல்லை, வண்டியிலும் இல்லை, நீரிலும் இல்லை. விளையாட்டு ஒளிபரப்பிலே, இல்லாத விளம்பரப் பலகையை மைதானத்தில் நாட்டிக் காட்டும் கணினி வித்தையைக் காலைச் செய்தியின் சன்னலுக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

அதோடு நின்றதா? 1999ஆம் ஆண்டு முடியும் இரவிலே, டைம்ஸ் சதுக்கத்திலிருந்து டான் ராதர் செய்தி கூறினார். அவருக்குப் பின்னே, போட்டி நிறுவனமான என்.பி.சி.யின் பெரிய திரை உண்மையிலேயே இருந்தது. உலகமே பார்த்துக் கொண்டிருந்த சதுக்கத்திலிருந்து அதனை அழித்து, அந்த இடத்திலே தம் சின்னத்தை ஒட்டிக் காட்டினார்கள். 2000 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதனை வெளிப்படுத்திற்று. டான் ராதர் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை மறைக்க மாட்டோம். காலை நிகழ்ச்சியை நடத்தியவர்களோ அதனைக் குற்றமாகவே கருதவில்லை. அலங்காரம் என்றார்கள்!

அலங்காரமா? நண்பர்களே, மாற்றானின் கொடியைப் படத்திலிருந்து துடைத்துவிட்டு, 'இதுவே அன்று கூடிய கூட்டம்' என்று ஒரு கட்சிப் பத்திரிகை அச்சிட்டால், அதற்கு என்ன பெயர் சூட்டுவீர்கள்? இன்று வணிகச் சின்னத்தை அழிக்கும் கை, நாளை ஓர் ஊர்வலத்தை அழிக்காது என்பதற்கு உறுதி எங்கே? இல்லாத சின்னத்தை நீரூற்றிலே மிதக்க விடத் தெரிந்தவர்க்கு, இல்லாத மக்களை ஒரு தலைவரின் முன்னே நிறுத்தத் தெரியாதா?

இன்று அந்த வித்தை கூடத் தேவையில்லை. சன்னல் இருந்த இடத்துக்கு எல்.இ.டி. திரை வந்துவிட்டது. தரையிலிருந்து கூரைவரை ஒரே ஒளிச்சுவர். விசையைத் தட்டினால் விடியல், மறுபடி தட்டினால் வெள்ளை மாளிகை. முன்பொரு நாள் எடுத்த மேகமும் நதியும் நாள்தோறும் விடிகின்றன. புயல் வீசும் நாளிலும் திரையின் கீழ்வானம் பொன்னிறம்! இதற்கு நிலையத்தார் கூறும் காரணங்களிலே நியாயமானவையும் உண்டு. காலை ஒளி நீலம் பாரித்தது. பழைய கூடத்து விளக்கொளியோ மஞ்சள் பாரித்தது. கேமராவை ஒன்றுக்கு இணக்கினால் மற்றது நிறம் பிறழும். ஆகவே சன்னல் கண்ணாடியிலே வண்ணத்தாள் ஒட்ட வேண்டும். வெயில் ஏறினால் ஒளியை மட்டுப்படுத்தும் தாள் ஒட்ட வேண்டும். மேகம் மறைத்தால் மறுபடி மாற்ற வேண்டும். தொழிலாளர் படும் பாடு கொஞ்சமன்று. திரை வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. தீரட்டும். கூடவே இன்னொரு தொல்லையும் தீர்ந்ததே, அதுதான் நம் கவலை: தெருவிலே நிற்கும் மனிதன் என்ற தொல்லை! அவன் எந்த அட்டையைத் தூக்குவானோ என்ற அச்சம் இனி இல்லை. திரையிலே வரும் மக்கள் குறித்த நேரத்தில் நடப்பார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள்.

சன்னலே இருந்தாலும் அது காட்டும் நாடு எது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். நியூயார்க்கில் ஏழு மணிக்கு நடக்கும் 'டுடே' நிகழ்ச்சியை, பதிவு செய்து, லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்திலே அவர்களது ஏழு மணிக்குக் காட்டுகிறார்கள். அப்போது நியூயார்க்கில் பத்து மணி. சன்னலிலே நின்ற கூட்டம் எப்போதோ கலைந்திருக்கும். நான்கு கால மண்டலங்கள் கொண்ட பெருநிலத்துக்கு ஒரே தெருவின் விடியல்! பிரிட்டனிலே பி.பி.சி., 2012 ஏப்ரலில், தன் காலை நிகழ்ச்சியை லண்டனிலிருந்து பெயர்த்து வடக்கே சால்ஃபோர்டுக்குக் கொண்டு சென்றது. பெரிய மனிதர்கள் அவ்வளவு தொலைவு வருவார்களா என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. தலைநகரம் மட்டுமே நாடன்று என்பதை நாற்காலியைத் தூக்கிச் சென்று காட்டிய செயல் என்ற அளவிலே அதனை வரவேற்கிறோம்.

2020இல் கொள்ளைநோய் வந்தபோது, செய்தி கூறுவோர் பலர் தத்தம் வீட்டிலிருந்தே பேசினார்கள். பின்னாலே புத்தக அடுக்கு, சுவரிலே குழந்தை வரைந்த படம், எங்கோ நாய் குரைக்கும் ஓசை. அழகு குறைவுதான். எனினும் அவர் எங்கே இருக்கிறார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

திரையைக் கிழித்தெறியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அது நடக்கக் கூடியதும் அன்று. நாம் கேட்பது ஒரே ஒரு சொல். பழைய படத்தை அச்சிடும்போது அதன் கீழே 'கோப்புப் படம்' என்று நம் நாளிதழ்கள் போடுகின்றன அல்லவா? அச்சுக் கோப்பவருக்கு அதனால் கை வலித்துவிடவில்லை. அதுபோல், பின்னாலே தெரிவது சன்னல் அன்று, படம் என்றால், திரையின் ஓரத்திலே 'படம்' என்று எழுதுங்கள். கடந்த மாதம் எடுத்த விடியல் என்றால் அந்த மாதத்தைப் போடுங்கள். நாடகக் கொட்டகையின் படுதாவுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. காற்றடித்தால் மலை ஆடியது. எல்.இ.டி. திரையின் மலை ஆடுவதில்லை.