எழுபத்திரண்டில் ஒரு பங்கு

பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிகளில் விமான மாடல்களை வைக்கலாமா, கூடாதா என்று ஆசிரியர்களிடையே அவ்வப்போது ஒரு சர்ச்சை எழுவதுண்டு. கூடாது என்பவர்கள் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டுவதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அதிலும் யுத்த விமானத்தைச் செய்து, வர்ணம் பூசி, மேஜைமேல் வைத்து அழகு பார்ப்பது ஆளைக் கொல்லும் கருவிக்கு ஆரத்தி எடுப்பது போலாகும் என்பது மற்றொன்று. இரண்டுமே அலட்சியம் செய்யத் தக்க ஆட்சேபங்கள் இல்லை. ஆனாலும் வைக்கலாம் என்பதே என் கட்சி. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மாடலில் உள்ள ஒவ்வொரு விவரமும் ஏன் இருக்கிறது, விட்டுப்போனது ஏன் விட்டுப்போயிற்று என்று கேட்டால், செய்தவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

உதாரணமாக ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், மார்க் 1. ஆர். ஜே. மிட்செல் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அதன் முதல் விமானம் 1936 மார்ச் 5 அன்று பறந்தது. அடுத்த ஆண்டே மிட்செல் தமது 42-ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். 1938-இல் விமானப் படைக்குக் கிடைத்த ஸ்பிட்ஃபயர், 1940-இல் நடந்த பிரிட்டன் வான்போரில் உலகப் புகழ் பெற்றது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 11.23 மீட்டர். நீளம் 9.12 மீட்டர். கடைகளில் கிடைக்கும் சிறிய மாடல்கள் பெரும்பாலும் இதில் 72-இல் ஒரு பங்கு. அப்படியானால் இறக்கை 15.6 செ.மீ., நீளம் 12.7 செ.மீ.

எழுபத்திரண்டு என்ற விசித்திரமான எண் எப்படி வந்தது? ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய கணக்குதான். ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம் ஆகிறான்.

இந்த அளவுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் இறங்கி மூன்றே நாளில், 1939 செப்டம்பர் 6 அன்று, எதிரி வருவதாகத் தவறான எச்சரிக்கை கிடைத்து பிரிட்டிஷ் விமானங்கள் கிளம்பின. அவற்றுள் 74-ஆம் பிரிவின் ஸ்பிட்ஃபயர்கள், 56-ஆம் பிரிவின் இரண்டு ஹரிக்கேன்களை ஜெர்மன் விமானங்கள் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்திவிட்டன. மான்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி இறந்தார். அந்த யுத்தத்தில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவர்தான். கொன்றது சொந்தப் படையின் குண்டு. பல குழப்பங்கள் சேர்ந்து விளைந்த விபத்து அது. தூரத்தில் தெரியும் ஒரு நிழலுருவை இன்னதென்று அடையாளம் காண முடியாமற் போனது அவற்றுள் ஒன்று.

ஆகவேதான் 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம் வீதம் ஐந்து லட்சம் மர மாடல்கள் வேண்டும்; எல்லாம் 72-இல் ஒரு பங்கு; எல்லாவற்றுக்கும் கறுப்பு வர்ணம். பத்து மீட்டர் தள்ளி நின்று அந்த மாடலைப் பார்த்தால், 720 மீட்டருக்கு அப்பால் பறக்கும் உண்மை விமானம் எந்தக் கோணத்தில் தெரியுமோ அதே கோணத்தில் தெரியும். நீங்கள் வகுப்பில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்கள்தான். துப்பாக்கி வீரர்களும் காவல் நிற்பவர்களும் அவற்றைப் பார்த்துப் பழகினார்கள். மாணவர்கள் செய்த மாடல்களை அச்சட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, உருவம் சரியாக இல்லாதவற்றைத் தள்ளிவிட்டார்கள். அவற்றில் சக்கரம் இல்லை, ரிவெட் இல்லை, பளபளப்பு இல்லை. உருவரை மட்டும் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதல் விதி, உருவரையைச் சரிபார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள் என்பது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்டம் என்று புத்தகங்களில் இருக்கும். இரண்டு குண்டூசியும் ஒரு நூல் கண்ணியும் கொண்டு நீள்வட்டம் வரைந்து மாடலின்மேல் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது. ஏனென்றால் அது இரண்டு அரை நீள்வட்டங்களின் சேர்க்கை. முன்பக்கத்து அரை தட்டையானது. பின்பக்கத்து அரை அதிகம் வளைந்தது. இரண்டு தனித்தனி நீள்வட்டங்களாக வரைந்து ஒட்டினால்தான் ஒத்துவரும்.

இனி ரிவெட்டுக்கு வருவோம். இங்கேதான் மாணவர்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். சில பழைய மாடல்களில் இறக்கை முழுவதும் புள்ளி புள்ளியாக ரிவெட் மேடுகள் இருக்கும். கண்காட்சிக்கு வருகிறவர்கள், “ஆகா, ஒவ்வொரு ஆணியும் தெரிகிறதே!” என்று வியப்பார்கள். அந்தப் புள்ளியின் குறுக்களவு 0.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் உண்மை விமானத்தில் அது 21 மி.மீ.க்கும் மேல், ஒரு சிறு நெல்லிக்காய் அளவு! நெல்லிக்காய்களைப் பதித்த இறக்கையோடு ஒரு போர் விமானம் எப்படிப் பறக்கும்?

உண்மையில் இந்த விமானத்தின் இறக்கையில் ரிவெட் தலைகள் தகட்டோடு சமமாகப் படிந்திருக்கும். அப்படிச் சமதலையாக அடிப்பதற்கு வேலை அதிகம், செலவும் அதிகம். எல்லா இடத்திலும் அது அவசியம்தானா என்ற கேள்வி எழுந்தபோது, செய்தவர்கள் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். சமதலை ரிவெட் ஒவ்வொன்றின்மேலும் உடைத்த பட்டாணிப் பருப்பு ஒன்றைப் பசை வைத்து ஒட்டி, உருண்டைத் தலை ரிவெட் போலாக்கி, விமானத்தைப் பறக்கவிட்டார்கள். உச்ச வேகத்தில் மணிக்கு 35 கிலோமீட்டர் குறைந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து, மறுபடி மறுபடி பறந்து, எந்த இடத்தில் உருண்டைத் தலை தீங்கு செய்கிறது, எந்த இடத்தில் பரவாயில்லை என்று கண்டுகொண்டார்கள். ஆரம்பகால விமானங்களில் இறக்கைக்குச் சமதலையும், உடற்பகுதிக்குப் பெரும்பாலும் உருண்டைத் தலையும் போட்டதற்கு இதுவே ஆதாரம். ஒரு காரணியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை நிலையாக வைத்து அளக்கும் முறைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை.

அப்படியானால் மாடலில் எந்த அளவுவரை விவரம் வேண்டும்? கண்ணைக் கேளுங்கள். நல்ல பார்வை உள்ளவருடைய கண் சுமார் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரை பிரித்தறியும். மாடலை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோணம் 0.09 மி.மீ. ஆகும். அதை 72-ஆல் பெருக்கினால் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். ஆக, உண்மை விமானத்தில் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. செய்தால் பெரிதாகத்தான் செய்வீர்கள். இறக்கை ரிவெட்டுகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடுங்கள். தகடுகள் சேரும் இடத்துக் கோடுகளும் இப்படியே. மாடலில் கால் மில்லிமீட்டர் பள்ளம் என்பது உண்மையில் விரல் நுழையும் பள்ளம். ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். வெளிச்சமான பின்னணியில் நீண்ட கறுப்புக் கோடு இருந்தால், அதைவிட மெல்லியதாயினும் கண் பிடித்துக்கொள்ளும். வானத்துக்கு எதிரே மின்கம்பி தெரிகிறதல்லவா? ஆகவே வானொலிக் கம்பியை வைக்கலாம்; தலைமயிரைவிடத் தடிமனாக இருக்கக் கூடாது.

தகட்டின் கனமும் இந்தக் கணக்கில் சிக்கும். மாடலின் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் உண்மையில் ஏழு செ.மீ. சுவர். விமானி அமரும் இடத்தின் ஓரங்களை உட்புறமாகச் சீவி மெலிதாக்குவது இதற்காகவே. எடையை மட்டும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. சுமார் 2,700 கி.கி. எடையுள்ள விமானத்தை 72-இன் கனத்தால் வகுத்தால் ஏழு கிராம்தான் வருகிறது. உங்கள் மாடலை ஆய்வுக்கூடத் தராசில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

வர்ணம் பற்றி மாடல்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. தூரத்துப் பொருள் வெளிறித் தெரியும். ஆகவே மாடலுக்கு வர்ணத்தில் வெள்ளை கலந்து பூச வேண்டும் என்பார்கள். நடுவில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றும் சொல்வார்கள். இந்தக் காரணத்தை நான் ஒப்பமாட்டேன். முப்பது செ.மீ. தூரத்து மாடல், 21.6 மீட்டர் தூரத்து விமானத்துக்குச் சமம். தெளிவான பகலில் இருபது மீட்டர் காற்று ஒரு வர்ணத்தை வெளிறச் செய்யுமா? எதிர்ச்சாரி வீட்டுக் கதவு வெளிறியா தெரிகிறது? வெளிச்சந்தான் உண்மையான வித்தியாசம் என்பது என் எண்ணம். நண்பகல் வெயிலின் ஒளியளவு அறைக்குள் இருக்கும் குழல்விளக்கின் ஒளியைப் போல் நூறு மடங்குக்கும் மேல். ஒரு கரும்பச்சை அட்டையை வெயிலிலும் அறையிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அறைக்குள் இருண்டு தோன்றினால் சற்று வெள்ளை சேர்த்துக்கொள்ளுங்கள், தோன்றாவிட்டால் வேண்டாம்.

துரு விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. பழையதாகக் காட்ட வேண்டும் என்று உடம்பெல்லாம் செந்துரு பூசிய ஸ்பிட்ஃபயர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் தகடு அலுமினியக் கலவை. அலுமினியம் செந்துரு பிடிக்காது என்று எட்டாம் வகுப்பு மாணவனுக்குத் தெரியும். வர்ணம் உரிந்த இடம் வெள்ளி போல மின்னும், அவ்வளவே. அதுவும் எல்லா இடத்திலும் கூடாது. வாலிலுள்ள சுக்கானும், மார்க் 1-இல் இறக்கை ஓரத்தில் மேலும் கீழும் அசையும் எய்லெரான்களும் துணி போர்த்தியவை. அங்கே வெள்ளிக் கீறல் போட்டால் துணியை உலோகமாக்கிவிட்டீர்கள் என்று பொருள். மிகுந்த வேகத்தில் அந்தத் துணி உப்பிக்கொள்ள, கைப்பிடியை அசைப்பதே விமானிக்குப் பெரும்பாடாயிற்று. பின்னர் உலோகத் தகடு போர்த்தினார்கள். அன்றியும், 1940 கோடையில் பல விமானங்கள் தொழிற்சாலையை விட்டு வந்த சில வாரங்களிலேயே வீழ்ந்தன. பழசாக அவற்றுக்கு நேரம் ஏது?

இறக்கையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் வலப்பக்கம் பெரிய பெட்டி, இடப்பக்கம் சிறிய உருளை. மாடல் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். பெரியது எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். சிறியது எண்ணெயைக் குளிர்விப்பது. ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது; சூடேறி விரிகிறது; பின்புறத்துக் குறுகிய வாய் வழியே வேகமாக வெளியேறுகிறது. ரேடியேட்டர் காற்றை எதிர்ப்பதால் ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பகுதி இப்படித் திரும்பக் கிடைக்கிறது. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மெரிடித் 1930-களில் விளக்கிய தத்துவம் இது. அந்தப் பெட்டியின் பின்புற மடலை மூடி ஒட்டுவதா, திறந்து ஒட்டுவதா என்று யோசித்த மாணவர் பௌதிகம் படித்தவர்.

இப்போது இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருகிறேன். இறக்கையின் முன்விளிம்பில் எட்டு இடங்களில் சிவப்புத் துணித் துண்டுகள் ஒட்டியிருக்கும். எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் வாய்கள் அவை. உயரத்துக் குளிரில் துப்பாக்கி உறைந்து போகாமலும், ஈரமும் தூசியும் புகாமலும் இருக்கத் துணி ஒட்டினார்கள். சுட்டவுடன் துணி கிழிந்துவிடும். இறக்கையின் அடியில் புகைக்கரி படியும். திரும்பி வரும்போது திறந்த துப்பாக்கி வாய்களின் குறுக்கே காற்று வீசி விசில் ஒலி எழும். பேனா மூடியின் வாயில் ஊதினால் எழுவது போல. தரையில் காத்திருந்த சிப்பந்திகள் அந்தச் சத்தத்தைக் கேட்டே, இந்த விமானம் சுட்டுவிட்டு வருகிறது என்று அறிந்தார்கள். துப்பாக்கிக்கு 300 ரவைகள். விநாடிக்கு ஏறத்தாழ 19 வீதம் பாய்ந்தால் 15, 16 விநாடிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். அத்தனை எந்திரமும் அந்த விநாடிகளுக்காக.

கண்காட்சிகளில் நான் காணும் மாடல்களில் துணி கிழிந்திருப்பதே இல்லை. உள்ளே விமானியும் இருப்பதில்லை. 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை பிரிட்டன் தரப்பில் போர் விமானங்களில் பறந்தவர்கள் சுமார் 2,900 பேர். அவர்களில் 544 பேர் அந்தப் போரில் இறந்தார்கள். பலருக்கு வயது இருபதை ஒட்டித்தான். எதிர்த்தரப்பிலும் அதே வயதுப் பிள்ளைகள் மாண்டார்கள். யுத்தத்துக்கு ஆரத்தி என்று ஆட்சேபிப்பவர்களின் கோபம் நியாயமாகப் போக வேண்டியது, இவற்றையெல்லாம் மறைத்துப் பளபளவென்று நிற்கும் மாடல்மீதுதான். கரியும் கிழிசலும் ஓர் அங்குல மனிதனும் உள்ள மாடலைப் பார்க்கிற குழந்தை, “இது யாரைச் சுட்டது?” என்று கேட்கும். கேட்கட்டும். நமக்கும் அந்தக் கேள்வியில் பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் திரட்டி அனுப்பிய நிதியின் நினைவாக பிரிட்டிஷ் விமானப் படையின் சில பிரிவுகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கின. 1940-இல் ஸ்பிட்ஃபயரில் போரிட்ட 234-ஆம் பிரிவு அவற்றுள் ஒன்று.

ஆகவே கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு யோசனை. மாடலுடன் ஒரு பக்கத் தாளையும் கேட்டு வாங்குங்கள். எந்த விமானம், எந்த மாதம், எதை விட்டேன், எதைச் சேர்த்தேன், அதற்கு என்ன கணக்கு என்று மாணவர் தம் கையால் எழுதியிருக்க வேண்டும். சிவப்புத் துணி கிழிந்திருக்கிறதா, ஏன் என்பதற்கும் ஒரு வரி. மதிப்பெண்ணில் பாதி தாளுக்கு. பெட்டி மாடல்கள் விலை அதிகம் என்பதால் வாங்க இயலாத மாணவர்களும் கலந்துகொள்ள இது வழி செய்யும். 1942-இல் அமெரிக்க மாணவர்கள் மரத்தைச் செதுக்கினார்கள். நம்மிடம் நெட்டி இருக்கிறது. கூரான கத்திக்கும் உப்புத்தாளுக்கும் நன்றாக இணங்கும். கெட்டி அட்டையில் பக்கவாட்டு உருவம் ஒன்று, மேலிருந்து பார்க்கும் உருவம் ஒன்று என இரண்டு அச்சட்டைகள் வெட்டிக்கொண்டு, கால் மில்லிமீட்டர் பிசகு தெரிந்தாலும் மறுபடி தேய்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் என்பது அந்த விமானத்தில் 18 மில்லிமீட்டர்.